விற்ற ஓவன் திரும்பி வரக் கூடாது

மைக்ரோவேவ் ஓவன் விற்பது சுலபம். விற்ற ஓவன் ஆட்டோ ஏறித் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில். ஜவுளிக் கடையில் புடவை விரித்தே தோள்பட்டை இறங்கியவர்கள், செருப்புக் கடையில் குனிந்தே இடுப்பு போனவர்கள், கவுண்டருக்குப் பின்னால் சிரித்துச் சிரித்துத் தாடை வலி கண்டவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

மெத்தைச் சட்டம்

எங்கள் கடை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். நான் வளர்மதி. பௌதிகம் படித்தேன். படித்த பௌதிகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பிளாஸ்டிக் பக்கெட் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் பாய் கடைக்கு ஓவன் வந்து இறங்கியது. கையேட்டைப் படித்து அது எப்படி வேலை செய்கிறது என்று எடுத்துச் சொன்னவள் நான் ஒருத்திதான். அன்றிலிருந்து நான் ஓவன்காரம்மா. ஓவன் வாங்குகிற வீட்டுக்கெல்லாம் ஸ்கூட்டியில் போய்ப் போட்டுக் காட்டுவதும், புகார் வந்தால் ஓடுவதும் என் வேலை. ராசிக்காக முதல் ஓவனைப் பாயே தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். எனக்கு இந்த வேலை உயிர். வாயைத் திறந்தால் பௌதிகம் வரும் வேலை இந்த ஜில்லாவில் வேறு எங்கே கிடைக்கும்?

அதற்கும் வந்தது சோதனை. ஒரே வாரத்தில் இரண்டு ஓவன்கள் திரும்பி வந்தன. ஒருவர், "தோசை ஊத்துனா கூழாவுது" என்றார். இன்னொருவர், "உள்ள இன்னா நடக்குதுன்னே தெரியல, பயமா இருக்குது" என்றார். பாய் இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இன்னாம்மா இது? நான் ஓவன் வித்துக்கினு இருக்கேனா, வாடகைக்கு வுட்டுக்கினு இருக்கேனா? இன்னும் ஒண்ணு, ஒரே ஒண்ணு திரும்பி வரட்டும். ஓவன் ஷெல்பைத் தூக்கிட்டு அங்க மெத்தை அடுக்கிடுவேன். நீ மெத்தைய வித்துக்கோ." மெத்தையில் என்ன பௌதிகம் இருக்கிறது? ஆள் உட்கார்ந்தால் அமுங்கும், எழுந்தால் எழும்பும், அவ்வளவுதான். பக்கத்து மிக்சி கவுண்டரில் நிற்கும் செல்வி ஆறுதல் சொல்வாள் என்று திரும்பினேன்.

"கவலைப்படாத வளரு. மெத்தைக்கு டெமோவே வேணாம், வாங்க வர்றவங்களே அதுல தூங்கிடுவாங்க."

நைனார்பாளையத்து மின்னல்

சட்டம் வந்து சூடு ஆறுவதற்குள் நைனார்பாளையத்திலிருந்து போன். "பொட்டிக்குள்ள மின்னல் வெட்டுதும்மா! வந்து எடுத்துக்கினு போ!" எடுத்துக்கினு போ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கண்ணில் மெத்தை தெரிந்தது. ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன். மரவள்ளியும் கரும்புமாக நல்ல விவசாயக் குடும்பம். வீட்டு அம்மா பச்சையம்மாள் வாசலிலேயே நின்றார். ஓவனுக்குள் ஒரு எவர்சில்வர் தூக்கு, அதற்குள் சாம்பார். கையேட்டில் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, உலோகம் வைக்காதே என்று. ஆனால் தமிழன் வீட்டில் எவர்சில்வரை உலோகம் என்று யார் நினைக்கிறார்கள்? அது பாத்திரம், அவ்வளவுதான்.

"அம்மா, இதுல வர்றது நெருப்பு இல்ல, அலை. கண்ணாடியில புகுந்து போகும், பீங்கான்ல புகுந்து போகும், எவர்சில்வருக்குள்ள மட்டும் போகாது, மோதித் திரும்பிடும். அப்பதான் பாத்திரத்து ஓரத்துல பொறி பறக்குது" என்றேன். "சரி, வேற பாத்திரம் குடுங்க." குடும்பமே தேடியது. அலமாரி நிறைய பாத்திரம், பரண் நிறைய பாத்திரம், அத்தனையும் எவர்சில்வர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சேர்ந்தவை. மருமகள் பித்தளைச் சொம்பை நீட்டினாள். மகன் அலுமினியச் சட்டியை எடுத்து வந்தான். பச்சையம்மாளின் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் குடத்தையே தூக்கி வந்துவிட்டார். கடைசியில் அகப்பட்டது ஊறுகாய் ஜாடி ஒன்றுதான். மாவடுவை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஜாடியைக் கழுவி, அதில் சாம்பாரை ஊற்றிச் சூடு பண்ணிக் கொடுத்தேன். குடித்துப் பார்த்துவிட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். சாம்பாரில் மாவடு வாசனை வந்ததால் முன்னைவிட நன்றாகவே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவன் திரும்பி வராது என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. பச்சையம்மாள் மட்டும் அந்த எவர்சில்வர் தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருடைய மாமனார் பெயரை வெட்டியிருந்தார்கள்.

"உயிரோட இருந்தப்பவும் இப்பிடித்தாம்மா, யாரு கொஞ்சம் சூடு காட்டுனாலும் பொறி பறக்க எகிறுவாரு. பேரு வெட்டுன பாத்திரம் வேற எப்பிடி இருக்கும்?"

நெருப்பு எங்கே?

ரிஷிவந்தியத்து வேலாயுதம் வேறு மாதிரி. நிலபுலன் உள்ளவர், எதையும் பிரித்துப் பார்த்துத்தான் நம்புவார். மோட்டார் பம்ப் வாங்கினாலும் முதலில் மூடியைக் கழற்றுவார். நான் போனபோது ஓவன் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். "நெருப்பு எங்க?" என்றார். "நெருப்பு கெடையாதுங்க" என்றேன். "அப்ப கம்பி? ஹீட்டர்ல செவப்பா இருக்குமே, அது எங்க?" "அதுவும் இல்லைங்க." தலையை வெளியே எடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெருப்பும் இல்ல, கம்பியும் இல்ல. லைட்டு எரியுது, தட்டு சுத்துது. இது அடுப்பா, சாமி மேடையா? எனக்கு வேணாம், திருப்பி எடுத்துக்க." மூலக்கூறு என்று ஆரம்பித்தேன். மின்காந்தம் என்று தொடர்ந்தேன். அவர் கொட்டாவி விட்டார். என் மூன்று வருடப் படிப்பு அந்தக் கொட்டாவிக்குள் போய் விழுந்தது.

அப்போதுதான் முந்தின வாரம் கல்வராயன் மலைக்கு டெலிவரிக்குப் போன பஸ் ஞாபகம் வந்தது. "வெள்ளிமலை பஸ்ல போயிருக்கீங்களா?" என்றேன். "போகாம? மாசாமாசம் கடுக்கா வாங்கப் போறேன்." "வளைவு வந்தா இன்னா ஆவுது?" "எல்லாரும் இந்தப் பக்கம் சாயறோம்." "அடுத்த வளைவுல?" "அந்தப் பக்கம் சாயறோம். இடிச்சிக்கினு, ஒரசிக்கினு, வேர்த்து ஊத்தி, மேல போய் எறங்கும்போது சட்டையைப் பிழியலாம்." "அதேதாங்க. சாப்பாட்டுல இருக்குற தண்ணித் துளிங்கதான் பயணிங்க. இந்த அலை அதுங்களை இடமும் வலமும் சாய்க்குது. மலையில வளைவை எண்ணிடலாம், இதுல ஒரு நொடிக்கே கோடிக்கணக்கான வளைவு. ஒண்ணோட ஒண்ணு இடிச்சு ஒரசிச் சூடாவுது. வெளியில நெருப்பு தேவையே இல்ல." அவர் கண் விரிந்தது. "அப்ப தட்டு எதுக்குச் சுத்துது?" "கடைசி சீட்டுல உக்காந்தவங்களுக்கு ஆட்டம் ஜாஸ்தி, முன் சீட்டுல கம்மி. எல்லாருக்கும் சமமா கெடைக்கணும்னா சீட்டு மாறிக்கினே இருக்கணும் இல்ல?"

ஒரு பீங்கான் கிண்ணத்தில் ரசம் ஊற்றி உள்ளே வைத்து ஓட்டிக் காட்டினேன். அவரே அதைக் கொதிக்கக் கொதிக்க வெளியே எடுத்தார். கிண்ணத்தின் காதைப் பிடித்தவர் திகைத்தார். ரசம் கொதிக்கிறது, காது சுடவே இல்லை. பீங்கானில் தண்ணீர் இல்லை, அதனால் அலை அதை ஒன்றும் செய்யவில்லை, ரசம் தொடுகிற இடம் மட்டும்தான் சுடும் என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"புரிஞ்சிடுச்சும்மா, கிண்ணம் கண்டக்டர். பஸ் எவ்ளோ ஆடுனாலும் அவன் மட்டும் கம்பியில சாஞ்சிக்கினு அசராம நிப்பான்."

அன்றிலிருந்து இந்தப் பஸ்ஸை நான் எல்லா வீட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

திருநாவலூர் திருஷ்டி

குப்புசாமி லோடு வேன் ஓட்டுகிறவர். திருநாவலூரில் வீடு. எந்தப் புது வண்டி வந்தாலும் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் என்று முறையாகச் செய்கிற மனிதர். ஓவனுக்கும் செய்தார். கதவுக் கண்ணாடியில் மூன்று பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம், மேலே சாமந்தி மாலை. எல்லாம் சரி. எலுமிச்சம்பழம் வைக்கிற இடத்தில்தான் யோசனை வந்திருக்கிறது. வண்டிக்குச் சக்கரம் வெளியே, இதற்குச் சக்கரம் உள்ளே சுற்றுகிறது. சக்கரத்தடியில் வைக்க முடியாது, அதனால் சக்கரத்தின் மேலே வைத்தார். நல்ல பெரிய பழம். கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தி, பட்டனைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் டமால்!

முழுப் பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகும், தோல் வழி விடாது, வெடித்துத்தான் வெளியே வரும். முட்டையும் அப்படித்தான். போன் வந்ததும், இதை அவர்களிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டு ஓவனைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று பஸ்ஸையெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். போனால் வாசலில் கூட்டம். திட்டுவதற்கு ஆள் சேர்த்திருக்கிறார்கள் என்று ஸ்கூட்டியைத் திருப்பப் பார்த்தேன். இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைத்தாலும் இவ்வளவு சத்தம் வராது என்று தெருவே பேசிக்கொள்கிறதாம். புது மாடு வாங்கியவர் வந்திருக்கிறார், புது மாப்பிள்ளை வந்திருக்கிறார். நான் பௌதிகத்தைச் சொன்னேன். "ஆவிதான் வெடிக்குது" என்று முடித்தேன். கூட்டம் "பாத்தியா, ஆவியாமே, நாம சொன்னா நம்புனியா?" என்று மறுபடி கலகலத்தது.

கதவு உடையும், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இனிமேல் பழத்தை முழுசாக வைப்பதில்லை, அறுத்துத்தான் வைப்போம் என்று வாக்கு வாங்கிய பிறகு, பயந்துகொண்டே கேட்டேன், ஓவனைத் திருப்பி அனுப்பப் போகிறீர்களா என்று. குப்புசாமியின் மனைவி தனலட்சுமி ஓவனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"சோத்தைக் கேஸ்லயே சூடு பண்ணிக்கிறோம். இது திருஷ்டிக்கு இருக்கட்டும், நீ தொடாத!"

சின்னசேலத்து முகூர்த்தம்

சின்னசேலத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் சீர்வரிசையில் எங்கள் ஓவனை வைத்திருந்தார்கள். தட்டுத் தட்டாகப் பழமும் இனிப்பும் வரிசையில் நிற்க, நடுவில் ஓவன் வெல்வெட் துணி போர்த்திக்கொண்டு பெண்ணைவிட அலங்காரமாக நின்றது. மாப்பிள்ளையின் அத்தை அதைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "ஓடுதான்னு பாத்துட்டுத்தான் வாங்குவோம். ஓடலன்னா கடைக்கே திருப்பி அனுப்புங்க" என்றார். எனக்கு அவசர போன். நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், மாப்பிள்ளை ஓமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறார், அத்தை ஓவனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

காலியாக ஓட்டக் கூடாது, உள்ளே தண்ணீர் இல்லை என்றால் அலைக்குப் போக இடம் இருக்காது, ஓவனே கெட்டுப் போகும். அதனால் பாயசக் கவுண்டரிலிருந்து கண்ணாடி டம்ளர் ஒன்றில் ஆறிப்போன பாயசத்தை வாங்கி உள்ளே வைத்து ஒரு நிமிடம் போட்டேன். எண்கள் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தன. முதலில் அத்தை பார்த்தார். பிறகு முதல் வரிசை திரும்பியது. பிறகு மண்டபமே மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓவனைப் பார்த்தது. சின்னப் பிள்ளைகள் எண்களைச் சத்தமாக எண்ணினார்கள். பூஜ்யம் வந்தது, டிங் என்றது, அத்தை சந்தோஷத்தில் கையை உயரத் தூக்கி ஆட்டினார். அவ்வளவுதான். கையைப் பார்த்த மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். ஐயர் "இருங்கோ" என்கிறார், யார் காதிலும் விழவில்லை. அட்சதை பறக்கிறது. மாப்பிள்ளை பதறிப்போய்க் கையில் இருந்த தாலியைக் கட்டியே விட்டார்.

நல்ல வேளை, முகூர்த்த நேரத்துக்குள்தான் எல்லாம் நடந்தது. பெண் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அவளுக்கு மந்திரம் குறைந்ததில் ஒரு வருத்தமும் இல்லை. அத்தை சுடச்சுடப் பாயசத்தைக் குடித்துக்கொண்டே மேளக்காரரிடம் சண்டைக்குப் போனார். தவில் வாசித்தவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கையத் தூக்குனா அடிக்கணும்னுதான் எங்களுக்குச் சொல்லியிருக்குது. பொட்டிக்குத் தூக்குனீங்களா, தாலிக்குத் தூக்குனீங்களான்னு கேட்டுக்கினா அடிக்க முடியும்?"

மலையிலிருந்து இறங்கிய மூட்டை

ஒருநாள் காலை, கடை திறந்து ஊதுவத்தி கூட அணையவில்லை, வாசலில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் வேட்டியில் கட்டிய சதுரமான மூட்டை. மலையில் அருவிக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருக்கும் சின்னப்பொண்ணு. எனக்கு நன்றாகத் தெரிந்தவர். மழைக் காலத்தில் விறகு நனைந்து புகைந்துகொண்டே இருக்கும், அருவி பார்க்க வருகிறவர்களோ சுடச்சுட டீ கேட்பார்கள் என்று ஓவன் வாங்கியவர். மூட்டையின் முனைகளைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்துவிட்டது. பாய் கல்லாவிலிருந்து எழுந்தார். செல்வி மிக்சியை நிறுத்தினாள். நான் மனதுக்குள் மெத்தையை விரித்தேன்.

"இதுக்கும் டிக்கெட் போட்டான் அந்தக் கண்டக்டரு" என்று மூட்டையைப் பிரித்தார் சின்னப்பொண்ணு. ஓவன் பளபளவென்று இருந்தது. "சூடாவலயா?" என்றேன். "நல்லா ஆவுது." "தட்டு சுத்தலயா?" "சூப்பரா சுத்துது." "அப்புறம் எதுக்கு எடுத்துக்கினு வந்தீங்க?" உள்ளே எரியும் சின்ன பல்பு போய்விட்டதாம். அதற்காக மலை இறங்கி, அத்தனை வளைவும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பல்பு இல்லாவிட்டாலும் வேலை செய்யுமே என்று பாய் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சின்னப்பொண்ணுக்கு வந்ததே கோபம்.

"நமக்காக நாளெல்லாம் ஒழைக்குது பாய், அத இருட்டுலயா சுத்த வெக்கிறது?"

திரும்பி வந்தே விட்டது

இத்தனை பேரிடமும் தப்பித்தவள் கடைசியில் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோக்காரர் ஒரு ஓவனை இறக்கிக் கொண்டுவந்து நேராக என் கவுண்டரில் வைத்தார். பின்னாலேயே இறங்கி வந்தவர் பாயின் மனைவி மெஹ்ரு அம்மா. "எடுத்துக்குங்க. எங்க வூட்டுக்கு இது வேணாம்" என்றார். ராசிக்காகப் பாய் வீட்டுக்குப் போன முதல் ஓவன்! கடையே வாயைப் பொத்திக்கொண்டது. செல்வி மட்டும் மிக்சிக்குப் பின்னால் குனிந்து குலுங்கினாள். பாய் தொண்டையைக் கனைத்தார். "இது வூட்டுப் பொருள். திரும்பி வந்ததுல சேராது" என்றார். "எது சேராது? நான் கஸ்டமர் இல்லையா?" என்றார் அம்மா. சட்டம் போட்டவரே சட்டத்துக்குள் நின்றார். ஆனால் மெத்தை விற்கப் போவது அவர் இல்லை, நான்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அம்மா, இன்னா குறைன்னு சொல்லுங்க" என்றேன். "அடிபிடிக்கவே மாட்டேங்குது!" என்றார். உலகத்தில் அடிபிடிக்கவில்லை என்று புகார் சொன்ன ஒரே ஆள் அவர்தான். பிரியாணிச் சட்டியின் அடியில் முறுமுறுவென்று ஒட்டியிருக்கும் காந்தலுக்கு அவர் வீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்களாம். இதில் வைத்தால் காந்தலும் இல்லை, சண்டையும் இல்லை, வீடே களை இழந்துவிட்டதாம். "காந்தணும்னா கீழ நெருப்பு வேணும்மா. இதுல தண்ணிதான் சூடாவுது, தண்ணி கொதிக்கிற சூட்டுக்கு மேல அவ்ளோவா போகாது. பிரியாணி அடுப்புலதான். இது ஆறுனத சூடு பண்றதுக்கு" என்றேன். "இத எனக்கு யாரு சொன்னாங்க? ஊரெல்லாம் போய்க் காட்டுறியே, எங்க வூட்டுக்கு ஒரு நாள் வந்தியா? இவரு பொட்டிய வெச்சாரு, கடைக்குப் போய்ட்டாரு!" என்று பாயைப் பார்த்தார். பாய் ஃபேனைப் பார்த்தார்.

சண்டை ஆரம்பித்தபோது அம்மாவுக்காக வாங்கி வந்த டீ கவுண்டரில் ஆறி ஏடு படிந்து கிடந்தது. கண்ணாடி கிளாஸ். எனக்கு அப்போது வேறொன்றும் தோன்றவில்லை. கிளாஸை எடுத்து அவர் கொண்டுவந்த ஓவனிலேயே வைத்தேன். கொஞ்ச நேரம் சுற்றியது, டிங் என்றது, கலக்கி அவர் கையில் கொடுத்தேன். ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துட்டு நான் உக்காரும்போது என் டீ ஆறித்தான் கெடக்கும். மறுபடி அடுப்புல வெச்சா கசக்கும். கல்யாணம் ஆயி வந்ததுல இருந்து சூடா ஒரு டீ குடிச்சதில்ல" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பௌதிகம் படித்ததற்காக அன்றைக்குத்தான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். பாய் மெதுவாகக் கிட்டே வந்து, "அப்ப இத திருப்பி எடுத்துக்கறதா, வேணாமா?" என்று கேட்டார். அம்மா கிளாஸைக் காலி செய்து கவுண்டரில் வைத்தார். ஆட்டோக்காரரைப் பார்த்து ஓவனை ஏற்றச் சொல்லிக் கைகாட்டினார்.

"கைக்கு வந்தத திருப்பிக் குடுக்கற பழக்கம் எனக்கு இருந்திருந்தா, மொதல்ல உங்களத்தான் குடுத்திருப்பேன்."

ஓவன் ஷெல்ப் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது, நானும் அதன் முன்னால்தான் நிற்கிறேன்; ஓவனுக்குள் சூடாவது தண்ணீர்தான் என்று பௌதிகம் சொல்வது சரிதான், ஆனால் வெளியே நின்று வேகிறவளைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.